வண்டுக்குப் பலிக்கும், புழுவுக்கு இன்னும் பலிக்கவில்லை

வாசகர் கேள்வி – பதில்

பயிர்ப் பூச்சிகளின் மரபணுவை முடக்கி அவற்றைக் கட்டுப்படுத்தும் புதிய முறை பற்றி இம்முறை நிறையக் கடிதங்கள் வந்திருக்கின்றன. சென்னையிலிருந்தும் சுற்றுவட்டாரத்திலிருந்தும் வந்தவற்றில் சிலவற்றுக்கு, வேளாண் துறையில் பூச்சியியல் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்று, இப்போது பெரம்பூரில் வசிக்கும் எங்கள் பத்தியாளர் பதில் அளிக்கிறார்.

மொட்டைமாடியில் தொட்டிகளில் கத்தரி வளர்க்கிறேன். ஆரஞ்சு நிறத்தில் கறுப்புப் புள்ளிகள் கொண்ட வண்டுகள் இலையைச் சுரண்டிச் சல்லடையாக்கிவிடுகின்றன. அமெரிக்காவில் இருக்கும் என் மகன், அங்கே உருளைக்கிழங்கு வண்டுக்கு மரபணுவை நிறுத்தும் மருந்து வந்துவிட்டது என்கிறான். நம் ஊர் வண்டு அந்த மருந்துக்குக் கேட்குமா, அம்மா?
— வாசகி, நங்கநல்லூர்

உங்கள் மகன் சொன்னது உண்மைதான். கொலராடோ உருளைக்கிழங்கு வண்டுக்கு எதிராக, செடியின் மேல் தெளிக்கும் ஆர்.என்.ஏ. மருந்து ஒன்றுக்கு 2023 டிசம்பரில் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை பதிவு வழங்கியது. மருந்தின் பெயர் கலாந்தா. அதில் வேலை செய்யும் பொருளுக்கு லெட்ப்ரோனா என்று பெயர். பல இரசாயன மருந்துகளுக்கு அசராமல் பழகிப்போன பொல்லாத வண்டு அது. நல்லவேளையாக இந்தியாவுக்குள் அது இன்னும் வரவில்லை.

அந்த மருந்து எப்படி வேலை செய்கிறது என்று சொல்லிவிடுகிறேன். உயிரணுவுக்குள் இருக்கும் மரபணு நேரடியாக எந்த வேலையும் செய்வதில்லை. தேவைப்படும்போது அதிலிருந்து ஒரு நகல் எடுக்கப்படுகிறது. தூது ஆர்.என்.ஏ. என்னும் அந்த நகலைப் படித்துத்தான் உயிரணு புரதத்தைச் செய்கிறது. சார்பதிவாளர் அலுவலகத்தில் மூலப் பதிவேடு பத்திரமாக இருக்கிறது, ஆனால் வெளியே வரும் நகல்களை எல்லாம் ஒருவர் கிழித்துப்போட்டுக்கொண்டே இருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். நிலத்தை விற்கவும் முடியாது, கடன் வாங்கவும் முடியாது. மரபணு முடக்கமும் இதே காரியத்தைத்தான் செய்கிறது. மரபணுவைத் தொடுவதில்லை, நகலை மட்டும் அழிக்கிறது.

நகலில் இருப்பது ஒற்றை இழை, மருந்தில் இருப்பதோ இரண்டு இழைகள் சேர்ந்த இரட்டை இழை ஆர்.என்.ஏ. வண்டு இலையைத் தின்னும்போது, அதன் மேல் தெளித்த இந்த ஆர்.என்.ஏ.வும் குடலுக்குள் போகிறது. வண்டின் உயிரணுவில் உள்ள டைசர் என்னும் நொதி அதைச் சுமார் 21 எழுத்து நீளமுள்ள துண்டுகளாக வெட்டுகிறது (ஆர்.என்.ஏ. சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியையும் ஓர் எழுத்து என்கிறோம்). அந்தத் துண்டுகள் தமக்குப் பொருந்தும் நகலைத் தேடிப் பிடித்து அழிக்கச் செய்கின்றன. லெட்ப்ரோனா குறிவைப்பது, உயிரணுவில் கழிவுப் புரதங்களை அகற்றும் கருவியின் ஒரு பாகத்தை. கழிவு தேங்கியதும் வண்டு தின்பதை நிறுத்திவிடும். சில நாட்களில் இறந்துவிடும். மருந்து அடித்த மறுநாள் காலையில் செடியடியில் வண்டுகள் செத்துக் கிடக்கும் என்று எதிர்பார்ப்பவர்களுக்கு இது மெதுவான மருந்தாகத் தோன்றும்.

இனி உங்கள் மாடிக்கு வருகிறேன். நீங்கள் சொல்வது எபிலாக்னா வண்டு. 28 புள்ளிகள் கொண்ட வகைதான் கத்தரியில் அதிகம். இதுவும் வண்டினம் என்பதால் மரபணு முடக்கத்துக்கு நன்றாகவே கேட்கிறது. சீன ஆய்வகங்களில் இதைச் சோதித்துக் காட்டியிருக்கிறார்கள். ஆனால் இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். செடியின் சாற்றை உறிஞ்சும் அசுவினிப் பூச்சியைத் தின்று நமக்கு நன்மை செய்யும் பொறிவண்டும் இந்த எபிலாக்னாவும் ஒரே குடும்பம். மரபணு எழுத்துகளில் ஒற்றுமை இருக்கும் இடத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டால், எதிரிக்கு வைத்த குறி நண்பனையும் சாய்த்துவிடும். ஆகவே நம் கத்தரிக்கு இப்படி ஒரு மருந்து செய்பவர்கள், பொறிவண்டில் சோதித்துப் பார்த்த முடிவை முதலில் காட்ட வேண்டும். அதைப் பார்க்காமல் நான் யாருக்கும் சிபாரிசு செய்ய மாட்டேன்.

அதுவரை உங்கள் கையே போதும். காலையில் வெயில் ஏறுமுன் இலையைப் புரட்டிப் பாருங்கள். எபிலாக்னா மங்கலாக, மெல்லிய ரோமம் படர்ந்து இருக்கும், பொறிவண்டு பளபளக்கும். எபிலாக்னாவின் புழு வெளிர்மஞ்சள் நிறம், உடலெங்கும் கிளைத்த முட்கள். பொறிவண்டின் புழு கறுத்து, நீண்டு, ஆரஞ்சுத் திட்டுகளோடு அசுவினிக் கூட்டத்தின் நடுவே திரியும். அதைத் தொடாதீர்கள். மற்றதைப் பொறுக்கிச் சோப்புத் தண்ணீரில் போடுங்கள். மீதிக்கு, லிட்டருக்கு 50 கிராம் வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து, இரவு ஊறவைத்து வடிகட்டி, கொஞ்சம் சோப்பு கலந்து மாலையில் தெளியுங்கள்.

இதுவும் மரபணு மாற்றம்தானே? மரபணுத் திருத்தமும் இதுவும் ஒன்றா? இதைக் கண்டுபிடித்தவர்கள் யார்?
— கல்லூரி மாணவர், தாம்பரம்

திருத்தம் என்பது மரபணுவின் எழுத்தையே மாற்றுவது. அது சந்ததிக்கும் போகும். முடக்கம் நகலோடு நின்றுவிடுகிறது. ஆனால் முடக்கும் ஆர்.என்.ஏ.வை எப்படிக் கொடுக்கிறோம் என்பதைப் பொறுத்துச் சட்டம் மாறும். தெளித்தால் பயிர் மாறுவதில்லை. செடியே அந்த ஆர்.என்.ஏ.வைத் தயாரிக்கும்படி செய்தால் அது மரபணு மாற்றப் பயிர். அமெரிக்காவில் மக்காச்சோளத்தின் வேரைத் தின்னும் புழுவுக்கு எதிராக அப்படி ஒரு சோளம் 2017இல் அனுமதி பெற்று, 2022இல் விவசாயிகளின் வயலுக்கு வந்தது. பெயரில் புழு இருந்தாலும் அதுவும் வண்டினம்தான். அந்தச் சோளம் முடக்குவது எஸ்.என்.எப்.7 என்னும் மரபணுவை. அந்த ஆர்.என்.ஏ. பல பூச்சிகளில் சோதிக்கப்பட்டது. நெருங்கிய உறவுள்ள வண்டுகளைத் தவிர மற்றவற்றை அது பாதிக்கவில்லை. நான் படித்த காலத்தில் இத்தனை குறி தவறாத மருந்து என்று எதையும் எங்கள் ஆசிரியர்களால் சொல்ல முடிந்ததில்லை.

கண்டுபிடித்த கதை அழகானது. 1990இல் கலிபோர்னியாவில், பெட்டூனியா பூவின் ஊதா நிறத்தை இன்னும் அடர்த்தியாக்க நினைத்து, நிறத்துக்கான மரபணுவைக் கூடுதலாகச் செலுத்தினார்கள். பல செடிகளில் பூ வெள்ளையாகப் பூத்தது. சிலவற்றில் ஊதாவும் வெள்ளையும் கலந்திருந்தது. கூடுதலாக வந்த மரபணு, செடியில் ஏற்கெனவே இருந்ததையும் சேர்த்து அடக்கிவிட்டது. ஏன் என்று அப்போது விளங்கவில்லை. 1998இல் ஆண்ட்ரூ ஃபயர், கிரெய்க் மெல்லோ இருவரும் சுமார் ஒரு மில்லிமீட்டர் நீளமுள்ள உருளைப்புழு ஒன்றில் சோதித்து, இரட்டை இழை ஆர்.என்.ஏ.தான் இந்த அடக்கத்தைச் செய்கிறது என்று காட்டினார்கள். 2006இல் இருவருக்கும் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. பயிர்ப் பாதுகாப்பில் இது பயன்படும் என்று இரண்டு குழுக்கள் 2007இல் ஆய்வுக் கட்டுரைகள் வெளியிட்டன. ஒன்று சோள வேர்ப்புழு பற்றியது, மற்றொன்று பருத்திக் காய்ப்புழு பற்றியது.

உங்கள் வீட்டுச் சமையலறையிலும் இந்த ஆய்வின் ஒரு முக்கிய உயிர் இருக்கிறது. ரவையிலும் மைதாவிலும் ஓடும் சிவப்பு மாவு வண்டுதான் அது. மரபணு முடக்கத்துக்கு அது அவ்வளவு எளிதாகக் கட்டுப்படுவதால், ஜெர்மனியில் அதன் ஆயிரக்கணக்கான மரபணுக்களை ஒவ்வொன்றாக முடக்கி, எது நின்றால் என்ன ஆகிறது என்று பார்த்துப் பட்டியலிட்டிருக்கிறார்கள். பூச்சியியல் படிக்க விருப்பம் இருந்தால், அந்த வண்டிலிருந்து தொடங்குங்கள்.

ஒரு ஏக்கர் கத்தரி போட்டிருக்கிறேன். காய்த்துளைப்பான் தொல்லை தாங்கவில்லை. வாரம் இரண்டு முறை மருந்து அடித்தும் பாதிக் காய் ஓட்டை. கோயம்பேட்டில் அடிமாட்டு விலை கேட்கிறார்கள். இந்தப் புது மருந்து எனக்கு எப்போது கிடைக்கும், அம்மா?
— கத்தரி விவசாயி, ஊத்துக்கோட்டை

ஐயா, உங்களுக்கு ஆறுதலாக ஒரு தேதியைச் சொல்லிவிட எனக்கு மனம் வரவில்லை. உங்கள் வயலில் இருப்பது அந்துப்பூச்சியின் புழு. இந்த முறை தடுமாறி நிற்பது அந்த இனத்திடம்தான்.

காரணம் குடல். வண்டின் குடலில் இரட்டை இழை ஆர்.என்.ஏ. ஓரளவு சிதையாமல் தங்கி, உயிரணுவுக்குள் நுழைகிறது. அந்துப்பூச்சிப் புழுவின் குடலிலும் இரத்தத்திலும் ஆர்.என்.ஏ.வைச் சிதைக்கும் நொதிகள் மிக வேகமாக வேலை செய்கின்றன. குடல்நீரும் கடுமையான காரத்தன்மை கொண்டது. தப்பிப் பிழைத்து உயிரணுவுக்குள் நுழையும் கொஞ்சமும் ஒரு சிறு பைக்குள் சிக்கிக்கொண்டு, வேலை நடக்க வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர்வதில்லை. உங்கள் காய்த்துளைப்பான், மக்காச்சோளத்தில் 2018 முதல் நம்மை வாட்டும் படைப்புழு, நெல்லின் குருத்துப்பூச்சி, இலைச்சுருட்டுப் புழு, பருத்தியின் இளஞ்சிவப்புக் காய்ப்புழு எல்லாம் அந்துப்பூச்சி இனம். தமிழ்நாட்டு விவசாயியின் தூக்கத்தைக் கெடுக்கும் பட்டியலில் பெரும்பகுதி இதுவே. அமெரிக்காவின் பெரிய எதிரிகள் இரண்டு வண்டுகளாக அமைந்தன. பெரிய நிறுவனங்களின் பணமும் அந்த வண்டுகளின் பின்னால் போயிற்று. நம்முடைய எதிரிகள் வேறு. அதற்கான ஆராய்ச்சியை நம் பல்கலைக்கழகங்களும் நம் அரசும்தான் செய்ய வேண்டும். வேறு யாரும் செய்து தர மாட்டார்கள்.

வழி முழுக்க அடைபட்டுவிடவில்லை. ஆர்.என்.ஏ.வை நுண்துகள்களில் பொதிந்து குடல் நொதியிலிருந்து காப்பாற்றும் முயற்சிகள் நடக்கின்றன. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தார் களிமண் போன்ற நுண்தகடுகளில் ஆர்.என்.ஏ.வை ஏற்றித் தெளித்தபோது, வெயிலிலும் நீரிலும் சீக்கிரம் அழியாமல் இலையில் தங்கியது. ஒரே தெளிப்பில் சுமார் 20 நாள் வரை செடியை வைரஸ் நோயிலிருந்து காத்ததாக 2017இல் காட்டினார்கள். இலையின் உயிரணுவில் பச்சையம் இருக்கும் பசுங்கணிகங்களுக்குள்ளேயே நீளமான ஆர்.என்.ஏ.வைச் சேமிக்கும் உருளைக்கிழங்குச் செடியை 2015இல் ஜெர்மானியக் குழு ஒன்று உருவாக்கி, அதைத் தின்ற வண்டுப் புழுக்கள் இறந்ததைக் காட்டியது. ஆனால் காய்க்குள் புகுந்துகொண்ட உங்கள் புழுவை, இலைமேல் தெளிக்கும் எதுவும் எட்டாது. இப்போது நீங்கள் அடிக்கும் மருந்துக்கும் அதே கதிதான். முட்டையிலிருந்து வெளிவந்த புழு சில மணி நேரம்தான் வெளியே இருக்கிறது. அதற்குப் பிறகு அடிப்பது வெறும் செலவு.

திருவள்ளூர் மாவட்டத்தில் பணியில் இருந்தபோது, மறுநாள் பறிக்கப் போகும் காய்மேல் முந்தின மாலை மருந்து அடிப்பதைப் பார்த்திருக்கிறேன். குழாயைப் பிடித்துக்கொண்டு வரப்பில் நிற்பது பெரும்பாலும் வீட்டுப் பெண்கள். முகத்தில் ஒரு துணி, கையில் உறை கிடையாது. இரவெல்லாம் தலைவலி என்பார்கள். புதிய முறை எதுவானாலும் அந்தப் பெண்களின் தலைவலியைக் குறைக்குமா என்றுதான் நான் முதலில் பார்க்கிறேன். அந்த வகையில் மரபணு முடக்கத்தின் மேல் எனக்கு நிறைய நம்பிக்கை உண்டு.

நீங்கள் இன்றே செய்யக்கூடியது: வாடித் தொங்கும் நுனித் தண்டுகளை வாரம் தவறாமல் கிள்ளி, துளை விழுந்த காய்களோடு சேர்த்து வயலுக்கு வெளியே கொண்டுபோய் எரித்துவிடுங்கள். வரப்பில் குவித்து வைத்தால் புழு கூட்டுப்புழுவாகி மறுபடி உங்கள் வயலுக்கே வரும். பெண் பூச்சியின் வாசனையைக் காட்டி ஆண் பூச்சியைப் பிடிக்கும் இனக்கவர்ச்சிப் பொறியை ஏக்கருக்கு 5 வையுங்கள். பக்கத்து வயல்காரரும் வைத்தால்தான் முழுப் பலன். 100 லிட்டருக்கு 5 கிலோ வேப்பங்கொட்டைப் பருப்பு என்ற கணக்கில் கரைசல் தெளியுங்கள். செயற்கைப் பைரித்ராய்டு மருந்துகளை மீண்டும் மீண்டும் அடிக்காதீர்கள். அதனால் வெள்ளை ஈயும் அசுவினியும் பெருகும். அறுத்த செடியை மறுபடி துளிர்த்துக் காய்க்க, அதாவது மறுதாம்புக்கு, விடாதீர்கள். கத்தரிக்குப் பின் கத்தரியே போடுவதையும் ஒரு பருவம் நிறுத்திப் பாருங்கள். சந்தேகம் இருந்தால் திரூர் வேளாண் அறிவியல் நிலையத்துக்கு ஒரு நடை போய்வாருங்கள்.

ஆர்.என்.ஏ. தெளித்த காயைக் குழந்தைகளுக்குக் கொடுத்தால் அவர்கள் மரபணுவும் நின்றுவிடுமா?
— ஒரு பாட்டி, விருகம்பாக்கம்

நிற்காது, அம்மா. நீங்கள் போடும் சோற்றிலும் கீரையிலும் பருப்பிலும் ஆர்.என்.ஏ. நிறைந்திருக்கிறது. மனிதன் தின்னத் தொடங்கிய நாளிலிருந்து அதைத் தின்று செரித்துக்கொண்டிருக்கிறான். எச்சிலும் இரைப்பை அமிலமும் குடல் நொதிகளும் அதை உடைத்துவிடும். மண்ணில் விழுந்ததும் சில நாட்களில் சிதைந்துவிடும். தெளிக்கும் அளவும் ஏக்கருக்குச் சில கிராம்தான். காயைக் கழுவிச் சமையுங்கள். அது இப்போதுள்ள மருந்துகளுக்காகவும் வேண்டிய பழக்கம்.

எங்கள் வீட்டுத் தென்னையின் மட்டைகளின் அடியில் வெள்ளை வெள்ளையாகச் சுருள் சுருளாக ஏதோ படர்கிறது. கீழே உள்ள ஓலையும் கொய்யா இலையும் கரி பூசினாற்போல ஆகிவிட்டன. மரபணு மருந்தால் இதைத் தீர்க்க முடியுமா?
— வாசகர், அம்பத்தூர்

அது சுருள் வெள்ளை ஈ. 2016இல் பொள்ளாச்சிப் பக்கம் கண்டறியப்பட்டது. இப்போது சென்னைத் தெருக்களிலும் தென்னையைப் பார்த்தால் தெரிகிறது. சாறு உறிஞ்சும் பூச்சிக்கு இலைமேல் தெளித்த ஆர்.என்.ஏ. போய்ச் சேர்வது கடினம். அது இலையைக் கடிப்பதில்லை. ஊசி போன்ற வாயை உள்ளே செருகிச் சாற்றை மட்டும் இழுக்கிறது. பல உறிஞ்சும் பூச்சிகளின் எச்சிலிலேயே ஆர்.என்.ஏ.வைச் சிதைக்கும் நொதி இருக்கிறது. களிமண் நுண்தகடு முறையைப் பருத்தி வெள்ளை ஈயில் சோதித்து ஓரளவு பலன் கண்டிருக்கிறார்கள். தென்னை உயரத்துக்கு அது வர இன்னும் காலம் பிடிக்கும்.

உங்களுக்கு இப்போதைக்கு வேண்டியது பொறுமை. இரசாயன மருந்து அடிக்காதீர்கள். என்கார்சியா என்னும் கண்ணுக்கு எளிதில் தெரியாத குளவி இந்த வெள்ளை ஈயின் குஞ்சுக்குள் முட்டையிட்டு அதை அழிக்கிறது. மருந்து அடித்தால் முதலில் சாவது அதுதான். மஞ்சள் ஒட்டுப்பொறி கட்டுங்கள், மட்டையின் அடியில் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சுங்கள், கரி பூசினாற்போலத் தெரியும் கரும்பூசணத்துக்கு லிட்டருக்கு 25 கிராம் மைதா கரைத்த பசையைத் தெளியுங்கள். காய்ந்ததும் கரி ஏடாக உரிந்து விழும். 2008இல் கோயம்புத்தூரில் தென்பட்டுப் பப்பாளியையும் மல்பெரியையும் சூறையாடிய மாவுப்பூச்சியை அடக்கியது, 2010இல் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து விடப்பட்ட ஒரு சிறு குளவி. அந்த வெற்றியை நான் கண்ணால் பார்த்தவள். ஆய்வகத்தில் பிறக்கும் எந்தப் புதுமையும் அந்தக் குளவிகளுக்குத் துணையாக வர வேண்டும். அவற்றின் இடத்தைப் பிடித்துவிடக் கூடாது.

புழுவைக் கொல்லும் நஞ்சைச் செடியே தயாரிக்கும் பி.டி. பருத்தியும் இப்படித்தான் பெரிய நம்பிக்கையோடு வந்தது. கடைசியில் புழு பழகிவிட்டது. இதற்கும் அதே கதி நேராது என்று என்ன நிச்சயம்?
— ஓய்வு பெற்ற ஆசிரியர், அடையாறு

எந்த நிச்சயமும் இல்லை, ஐயா. கொலராடோ வண்டையும் சோள வேர்ப்புழுவையும் தலைமுறை தலைமுறையாக ஆர்.என்.ஏ. ஊட்டி வளர்த்துப் பார்த்தபோது, எதிர்ப்பு பெற்ற வண்டுகள் ஆய்வகத்தில் உருவாகிவிட்டன. நமக்குக் கவலை தருவது எதிர்ப்பு வந்த விதம். குறிவைத்த மரபணு மாறியிருந்தால், வேறு மரபணுவைக் குறிவைத்துச் சமாளிக்கலாம். ஆனால் அந்த வேர்ப்புழு, ஆர்.என்.ஏ.வைக் குடலின் உயிரணுக்களுக்குள் ஏற்கும் வாசலையே அடைத்துக்கொண்டது. ஒரு ஆர்.என்.ஏ.வுக்கு அசராத அது, வேறு ஆர்.என்.ஏ.க்களுக்கும் அசரவில்லை. அப்படி ஒரு இனம் வயலில் பரவிவிட்டால், அந்தப் பூச்சிக்கு இந்த முறை முழுவதுமே கைவிட்டுப்போகும்.

பருத்தியில் நடந்தது நினைவிருக்கட்டும். 2002இல் பி.டி. பருத்திக்கு அனுமதி கிடைத்தது. 450 கிராம் விதையோடு, சுற்றிலும் விதைக்க 120 கிராம் சாதாரண விதையும் பொட்டலத்தில் வைத்துக் கொடுத்தார்கள். எதிர்ப்பு இல்லாத பூச்சிகள் அந்தச் சாதாரணச் செடிகளில் பிழைத்திருந்து, எதிர்ப்பு பெற்றவற்றோடு இனம் கலக்க வேண்டும் என்பதற்காகத்தான் அந்த ஏற்பாடு. பெரும்பாலோர் அதை விதைக்கவில்லை. விளக்கிச் சொல்ல வேண்டியவர்களும் வயலுக்குப் போய் விளக்கவில்லை. இளஞ்சிவப்புக் காய்ப்புழு எதிர்ப்பு பெற்றுவிட்டது 2010இல் குஜராத்தில் உறுதியானது. இரண்டு மரபணு கொண்ட அடுத்த ரகத்தையும் அது பிறகு வென்றது. விவசாயியைக் குறை சொல்லி இதைக் கடந்துபோக முடியாது. சந்தைக்கு விடும் முன்பே, எந்தப் பருவத்தில் எத்தனை முறை தெளிக்கலாம், எந்த மருந்தோடு மாற்றி மாற்றி அடிக்க வேண்டும் என்பதைச் சட்டமாகவே எழுதிவிட வேண்டும். விற்பவர்களின் வசதிக்கு அதை விட்டுவிடக் கூடாது.

நான் கேட்டுக்கொள்ளும் மற்றொன்றும் உண்டு. நம் நாட்டிலும் வண்டுகள் இருக்கின்றன. தென்னையின் சிவப்புக் கூன்வண்டு, காண்டாமிருக வண்டு, வாழைத் தண்டுக் கூன்வண்டு, சர்க்கரைவள்ளிக் கூன்வண்டு ஆகியவை ஏழை விவசாயியின் பயிரை உள்ளிருந்தே தின்கின்றன. தண்டுக்குள்ளும் கிழங்குக்குள்ளும் ஆர்.என்.ஏ.வைக் கொண்டுசேர்ப்பது சிரமம்தான். ஆனாலும் இந்த முறைக்கு இணங்கும் இனங்கள் இவை. முதல் முயற்சி இங்கே தொடங்கட்டும்.

எங்கள் ஊர் மருந்துக் கடையில் "மரபணு மருந்து, அடித்தால் புழுவே பிறக்காது" என்று ஒரு பாட்டில் காட்டினார்கள். வாங்கலாமா?
— விவசாயி, பொன்னேரி

வாங்காதீர்கள். மரபணு முடக்க மருந்து எதுவும் நம் ஊர்க் கடைகளுக்கு விற்பனைக்கு வரவில்லை. பூச்சிமருந்து எதுவானாலும் பாட்டிலில் மத்தியப் பூச்சிக்கொல்லி வாரியத்தின் பதிவு எண், வேதிப்பொருளின் பெயர், தயாரித்த தேதி, காலாவதித் தேதி, நச்சின் அளவைக் காட்டும் வண்ண முக்கோணம் எல்லாம் இருக்க வேண்டும். சிவப்பு மிகக் கொடிய நஞ்சு. அடுத்து மஞ்சள், நீலம், பச்சை என்று குறையும். இவற்றில் ஒன்று இல்லையென்றாலும் அந்தப் பாட்டிலைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, உங்கள் வட்டார வேளாண் உதவி இயக்குநரிடம் எழுத்தில் புகார் கொடுங்கள். ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் ரசீதைத் தூக்கிப் போடாமல் வைத்திருங்கள். புகாரோடு அதன் நகலையும் இணைக்க வேண்டியிருக்கும்.